டர்பைன் சக்கரத்துக்கு எந்த பிளேடு? ரேடியல், மிக்ஸ்டு ஃப்ளோ, ஆக்ஸியல்: ஓர் ஒப்பீடு

எக்ஸாஸ்ட் வாயுவால் ஒரு டர்பைனைச் சுழற்றி, அதே ஷாஃப்டில் உள்ள கம்ப்ரஸரால் எஞ்சினுக்குள் காற்றைத் திணிப்பது டர்போசார்ஜர். அதைப் பற்றிப் பேச்சு வந்தால் அந்தப் பேச்சு கம்ப்ரஸர் பக்கமே சுற்றிச் சுற்றி வரும். பூஸ்ட் (திணிக்கும் காற்றின் அழுத்தம்) எத்தனை பார், சக்கரம் எத்தனை மில்லிமீட்டர், இன்டர்கூலர் எவ்வளவு பெரிது என்பதோடு முடிந்தும்விடும். ஷாஃப்டின் மறுமுனையில், செக்கச்சிவக்கக் காய்ந்த வாயுவுக்குள் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் ஓடும் டர்பைன் சக்கரம் கம்ப்ரஸரோடு கூடவே வரும் உறுப்பாகத்தான் கருதப்படுகிறது. ஆனால் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் எஞ்சின் உடனே இழுக்குமா, மூச்சு வாங்கிவிட்டு இழுக்குமா என்பதும், நெடுந்தூர ஓட்டத்தில் எக்ஸாஸ்ட் பக்கத்துப் பின்னழுத்தம் எவ்வளவு எரிபொருளைத் தின்னும் என்பதும் பெருமளவு அந்தச் சக்கரத்தின் பிளேடு வடிவத்தைப் பொறுத்தவை.

தேர்வு செய்ய உட்கார்ந்தால் எதிரே மூன்று பெரிய வழிகள்: ரேடியல், மிக்ஸ்டு ஃப்ளோ, ஆக்ஸியல். ஒவ்வொன்றுக்குள்ளும் பிளேடு எத்தனை, பிளேடுகளைத் தாங்கும் பின்தட்டை வெட்டுவதா விடுவதா, வெளியேறும் வாய் எவ்வளவு அகலம் என்று கிளைக் கேள்விகள். பலரும் இவற்றை ஒரே எண்ணை வைத்து ஒப்பிடுகிறார்கள்: தயாரிப்பாளர் தரும் உச்சச் செயல்திறன். ஒன்று 74 சதவீதம், இன்னொன்று 72 என்றால் முதலாவதை எடுத்துவிடுவார்கள். சக்கரம் எப்போதும் ஒரே நிலையில் ஓடினால் அது சரி. கார் எஞ்சினில் அப்படி ஓடுவதில்லை. சிலிண்டரிலிருந்து வரும் ஆற்றலின் பெரும்பகுதி எந்த நிலையில் சக்கரத்தை வந்தடைகிறதோ, அந்த நிலையில் பிளேடு எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அந்த நிலையை அளக்க ஓர் அளவுகோல் உண்டு.

வேக விகிதம்

டர்பைனுக்குள் வரும் வாயு தன் அழுத்தம் முழுவதையும் இழப்பே இல்லாமல் வேகமாக மாற்றினால் கிடைக்கும் ஒரு கற்பனை வேகத்தை எடுத்துக்கொள்வோம். சக்கரத்தின் நுழைவு விளிம்பு ஓடும் வேகத்தை அதனால் வகுத்தால் வருவதே வேக விகிதம். டர்பைனின் செயல்திறனை இந்த விகிதத்துக்கு எதிராக வரைந்தால் கவிழ்த்த கிண்ணம் போன்ற ஒரு வளைவு கிடைக்கும். வழக்கமான ரேடியல் சக்கரத்தில் அந்தக் கிண்ணத்தின் உச்சி 0.7-ஐ ஒட்டி இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நுழைவு விட்டம் 60 மி.மீ. உள்ள சக்கரம் நிமிடத்துக்கு 1,50,000 சுற்று ஓடினால் அதன் விளிம்பு வேகம் நொடிக்கு 471 மீட்டர். வாயுவின் வெப்பநிலை 900 டிகிரி செல்சியஸ், டர்பைனின் இரு பக்கத்து அழுத்த விகிதம் 2 என்றால் அந்தக் கற்பனை வேகம் ஏறத்தாழ 650 மீட்டர். வேக விகிதம் 0.72, அதாவது உச்சிக்கு மிக அருகில்.

ஆனால் எக்ஸாஸ்ட் வாயு குழாயில் ஓடும் தண்ணீர் போல ஒரே சீராக வருவதில்லை. வால்வு திறக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு துடிப்பு. நான்கு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் 3,000 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 100 துடிப்புகள். துடிப்புக்குத் துடிப்பு 10 மில்லிநொடி. அந்த 10 மில்லிநொடிக்குள் நம் சக்கரம் 25 சுற்று சுற்றிவிடும், ஆனால் அதன் நிலைமம் காரணமாக வேகம் கிட்டத்தட்ட மாறாது. மாறுவது அழுத்தம். துடிப்பின் உச்சத்தில் அழுத்த விகிதம் 3-ஐத் தொட்டால் கற்பனை வேகம் 800 மீட்டருக்கு ஏறும். மேலே இருக்கும் 471 அப்படியே நிற்க, விகிதம் 0.59-க்கு இறங்கிவிடும்.

வாயு அதிகம் பாய்வதும் அந்த உச்சத்தில்தான், ஒவ்வொரு கிலோவிலும் ஆற்றல் அதிகம் இருப்பதும் அப்போதுதான். ஆக, துடிப்பில் இருக்கும் ஆற்றலின் பெரும்பங்கு சக்கரத்தை வந்தடையும் நேரத்தில் வேக விகிதம் உச்சியிலிருந்து சரிந்து கிடக்கிறது. துடிப்பு ஓய்ந்த இடைவெளியில் விகிதம் ஏறும். ஆனால் அப்போது அறுவடை செய்யப் பெரிதாக ஒன்றும் இருப்பதில்லை.

மிதித்த அந்த முதல் கணம் இதைவிட மோசம். சக்கரம் 50,000 சுற்றில் சோம்பலாக ஓடிக்கொண்டிருக்கிறது, விளிம்பு வேகம் 157 மீட்டர்தான். 700 டிகிரி வாயு, அழுத்த விகிதம் 1.4 என்று வைத்தால் கற்பனை வேகம் ஏறத்தாழ 420. விகிதம் 0.37. டர்போ லேக் என்று நாம் சலித்துக்கொள்ளும் அந்த இடைவெளி முழுவதும் சக்கரம் தன் வளைவின் இடது சரிவில்தான் ஏறிக்கொண்டிருக்கிறது. உச்சி 74-ஆ 72-ஆ என்பது அந்த நேரத்தில் யாருக்கும் உதவாத தகவல்.

ரேடியல்: வலிமைக்காகக் கோணத்தை விட்டுக்கொடுத்தது

ரேடியல் சக்கரத்தில் வாயு வெளிவட்டத்திலிருந்து மையம் நோக்கி நுழைந்து, திரும்பி, ஷாஃப்ட் திசையில் வெளியேறும். நுழையும் இடத்தில் பிளேடு நேராக ஆரத்தின் திசையில் நிற்கும். நுழைவுக் கோணம் பூஜ்யம். நொடிக்கு 470 மீட்டரில் ஓடும் விளிம்பில் மையவிலக்கு விசை கொடூரமானது. பிளேடு ஆரத்தின் திசையிலேயே நின்றால் அந்த விசை அதை வெளியே இழுக்க மட்டுமே செய்யும். சற்றே சாய்ந்து நின்றால் இழுப்போடு வளைப்பும் சேரும். 900 டிகிரியில் ஏற்கெனவே வலு குறைந்திருக்கும் உலோகத்துக்கு அந்த வளைப்பு கூடுதல் சுமை. அதனால் வடிவமைப்பாளர்கள் பிளேடின் ஒவ்வொரு குறுக்குவெட்டிலும் உலோகம் ஆரத்தின் திசையில் அடுக்கப்பட்டிருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். பூஜ்யக் கோணம் காற்றியல் கேட்ட கோணம் அல்ல, பொருளின் வலிமை கேட்டது.

நல்ல வேளையாக, வடிவமைத்த நிலையில் இதனால் பெரிய நட்டமில்லை. சக்கரத்தில் உட்கார்ந்து பார்த்தால் வாயு பிளேடுக்கு நேரே வராமல், சுழற்சிக்கு எதிர்ப்பக்கமாக 20 முதல் 40 டிகிரி சாய்ந்து வரும்போதுதான் ரேடியல் பிளேடு நன்றாக வேலை செய்கிறது. 0.7 விகிதத்தில் அந்தச் சாய்வு கிடைத்துவிடும். விகிதம் சரியும்போதுதான் சிக்கல். வாயு சக்கரத்தை முந்திக்கொண்டு எதிர்ப்பக்கத்திலிருந்து பிளேடில் மோதும். பிளேடின் உறிஞ்சு பக்கத்தில் ஓட்டம் ஒட்டாமல் பிரிந்து சுழல்களாகச் சிதறும். துடிப்பின் உச்சத்திலும், மிதித்த முதல் கணத்திலும் நடப்பது இதுதான்.

நுழைவில் சாய்வு கொடுத்த ரேடியல் பிளேடுகளையும் ஆராய்ச்சிக்கூடங்களில் முயன்று பார்த்திருக்கிறார்கள். குறைந்த விகிதத்தில் பலன் தெரிந்தாலும் பிளேடின் அடிப்பகுதியில் தகைவு ஏறுவதே தடையாக நின்றது.

இதெல்லாம் இருந்தும் ரேடியல்தான் இன்றும் பெரும்பான்மை, அதற்கு நியாயமும் உண்டு. மெழுகு அச்சிலிருந்து சுலபமாக வார்க்கலாம். சக்கரத்தைச் சுற்றி நின்று வாயுவைக் கொண்டுவரும் நத்தை வடிவ ஹவுசிங் எளிது. நுழைவைச் சுற்றித் திறந்து மூடும் வேன்களை (வாயுவை வழிநடத்தும் சிறு தகடுகளை) வைக்கும் மாறுவடிவ டர்போ வேண்டுமென்றால், இரண்டு இணைச் சுவர்களுக்கு நடுவே வேன்கள் திரும்ப ரேடியல் நுழைவைப் போல வசதியான இடம் வேறில்லை. டீசல் எஞ்சின்களில் அந்த வேன்கள் நெடுங்காலமாக ஊறிப்போனவை. டீசல் வாயு பொதுவாக 850 டிகிரியைத் தாண்டாது என்பதால் வேன்கள் சிக்கிக்கொள்ளும் பயம் குறைவு. பெட்ரோலில் அது 1,000 டிகிரியைத் தாண்டும். 2006இல் போர்ஷே 911 டர்போ வந்தபோது, பெட்ரோல் காரில் மாறுவடிவ டர்பைன் என்பதே பெரிய செய்தியாகப் பேசப்பட்டதற்குக் காரணம் அந்த வெப்பம்.

மிக்ஸ்டு ஃப்ளோ: விளிம்பைச் சாய்த்து கோணத்தை மீட்டது

நுழைவு விளிம்பை ஷாஃப்டுக்கு இணையாக வைக்காமல் ஒரு கூம்பின் பரப்பில் சாய்த்து வைத்தால் என்ன ஆகும்? வாயு பாதி ஆரத்தின் திசையிலும் பாதி ஷாஃப்ட் திசையிலுமாக நுழையும். அதைவிட முக்கியமான வேறொன்றும் நடக்கும்: பிளேடின் உலோகத்தை ஆரத்தின் திசையிலேயே அடுக்கிவைத்துக்கொண்டு, நுழைவுக் கோணத்தை மட்டும் பூஜ்யத்திலிருந்து விலக்க முடியும். கூம்பின் சாய்வும் பிளேடின் வளைவும் சேர்ந்து அந்தச் சுதந்திரத்தைத் தருகின்றன. வலிமை விதியை மீறாமலே பிளேடின் முனையை வரும் வாயுவை நோக்கித் திருப்பிவிடலாம். என் கண்ணுக்கு டர்பைன் வடிவமைப்பிலேயே அழகான தந்திரம் இதுதான்.

விளைவு, கிண்ணத்தின் உச்சி 0.7-லிருந்து 0.6, 0.65 பக்கம் நகர்கிறது. மேலே கணக்கிட்ட 0.59 இப்போது உச்சிக்குப் பக்கத்தில். 0.37-ம் முன்பு போல அதலபாதாளத்தில் இல்லை. உச்ச எண் ரேடியலுக்குச் சமமாகவோ ஒரு புள்ளி குறைவாகவோ இருக்கலாம், ஆனால் துடிப்பு முழுவதும் கூட்டிப் பார்த்தால் மிக்ஸ்டு ஃப்ளோ எடுக்கும் வேலை அதிகமாக இருக்க வாய்ப்புண்டு.

வேறு இரண்டு ஆதாயங்களும் உண்டு. அதே வெளிவிட்டத்தில் நுழைவுப் பரப்பு கூடுவதால் சக்கரம் அதிக வாயுவை விழுங்கும். ஆகவே சின்னச் சக்கரம் போதும். கூம்பு வடிவத்தால் பின்தட்டின் விட்டமும் சுருங்குகிறது. நிலைமத்தை ஏற்றிவிடும் வெளிவட்டத்து எடை குறைகிறது. வாயு திரும்ப வேண்டிய வளைவு அவ்வளவு கூர்மையாக இல்லாததால் உறைப்பக்கச் சுவரில் ஓட்டம் பிரிவதும் குறையும்.

குறைகளையும் பார்ப்போம். ஹவுசிங்கிலிருந்து வாயுவைச் சாய்த்து அனுப்ப வேண்டும் என்பதால் நத்தைக் கூடும் சாய வேண்டும். வார்ப்பும் இடவசதியும் சிக்கலாகும். மாறுவடிவ வேன்களைக் கூம்புப் பரப்பில் திருப்புவது இன்னும் கடினம். வேன்களை ரேடியலாகவே வைத்து, அவற்றுக்கும் சக்கரத்துக்கும் இடையில் வாயுவைத் திருப்பி விடுவதுதான் வழக்கமான சமரசம். அந்தச் சமரசத்தில் ஆதாயத்தின் ஒரு பகுதி போய்விடும்.

ஆக்ஸியல்: பெரிய எஞ்சின்களின் சொத்து

ஸ்விஸ் பொறியாளர் ஆல்ஃப்ரெட் ப்யூகி 1905இல் காப்புரிமைக்கு வைத்த யோசனையிலேயே ஆக்ஸியல் டர்பைன் உண்டு. இன்றும் கப்பல்களின் பிரம்மாண்டமான இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களில் அதுவே ஆட்சி செய்கிறது. மான் நிறுவனத்தின் டிசிஏ வரிசை ஆக்ஸியல், சின்ன எஞ்சின்களுக்கான டிசிஆர் வரிசை ரேடியல். ஒரே நிறுவனம் அளவை வைத்தே கோடு கிழித்திருக்கிறது.

சின்ன அளவில் ஆக்ஸியல் தோற்பது முனை இடைவெளியால், அதாவது பிளேடின் முனைக்கும் உறைக்கும் நடுவே விடும் இடைவெளியால். பிளேடின் உயரம் 8 மி.மீ. என்றால், ஷாஃப்டின் ஆட்டத்துக்கும் வெப்ப விரிவுக்கும் விட வேண்டிய 0.4 மி.மீ. இடைவெளியே உயரத்தில் 5 சதவீதம். அவ்வளவு வாயு வேலை செய்யாமலே நழுவிவிடும். பிளேடு 80 மி.மீ. உயரமிருந்தால் இடைவெளி அதே விகிதத்தில் வளராது. நிலைமம் குறைவு என்பதும், விகிதம் 0.5 பக்கம் உச்சம் தரும்படி வடிவமைக்கலாம் என்பதும் கார்களுக்கு ஆசை காட்டுகின்றன. ஆனால் ஒரே படியில் அதிக அழுத்த விகிதத்தைக் கையாள்வதில் ரேடியல் குடும்பமே மேல். கார் அளவில் ஆக்ஸியலை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எடையா, செயல்திறனா?

பிளேடு எண்ணிக்கையும் பின்தட்டும் இந்த ஒற்றைக் கேள்வியில்தான் வந்து நிற்கின்றன. ஒரே வடிவில் உள்ள சக்கரங்களின் நிலைமத் திருப்புத்திறன் விட்டத்தின் ஐந்தாம் படிக்கு ஏற்ப மாறும். 60 மி.மீ. சக்கரத்தை 55 ஆக்கினால் விட்டம் குறைவது 8 சதவீதம், நிலைமம் குறைவது 35 சதவீதம். டர்பைன் சக்கரத்தை வார்க்கும் நிக்கல் கலவையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 8 கிராம், கம்ப்ரஸரின் அலுமினியம் 2.7 மட்டுமே; சுழலும் தொகுப்பின் நிலைமத்தில் பெரும்பங்கு டர்பைன் சக்கரத்துக்குப் போவது இதனால்தான். எனவே எடையைக் குறை, லேக் குறையும் என்று எல்லோரும் அந்தப் பக்கம் ஓடுகிறார்கள்.

அப்படி ஓடுமுன் ஒரு கணக்கு. சக்கரத்தின் வேகத்தை ஏற்றுவது டர்பைன் தரும் திறன் முழுவதும் அல்ல. கம்ப்ரஸர் எடுத்துக்கொண்டது போக மிஞ்சுவது மட்டுமே. கம்ப்ரஸருக்கு 1 பங்கு வேண்டும், டர்பைன் 1.3 பங்கு தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 0.3. இப்போது நிலைமத்தை 20 சதவீதம் குறைக்க ஒரு மாற்றம் செய்கிறோம், அதனால் டர்பைனின் செயல்திறன் 65-லிருந்து 62-க்கு இறங்குகிறது. டர்பைன் தருவது 1.24 ஆகும், மிச்சம் 0.24. அதை 0.8 மடங்கு நிலைமத்தால் வகுத்தால் மறுபடியும் 0.3. நிலைமத்தில் ஐந்தில் ஒரு பங்கைச் செதுக்கி எடுத்தும் வேகம் ஏறுவதில் இம்மியும் ஆதாயமில்லை. போதாததற்கு, நிலையான ஓட்டத்தில் மூன்று புள்ளி நட்டம் மட்டும் எப்போதும் கூடவே இருக்கும்.

மிச்சம் அதிகமாக உள்ள கணங்களில் கதை வேறு. டர்பைன் 2 பங்கு தரும் நிலையில் அதே மாற்றத்தைச் செய்தால் முடுக்கம் 13 சதவீதம் கூடும். ஆகவே எடைக் குறைப்பு பலிப்பது துடிப்பு வலுவாக இருந்து, கம்ப்ரஸர் இன்னும் அதிகம் கேட்காத கணங்களில். நடுவேகத்தில் மெல்ல மெல்ல பூஸ்ட் ஏறும் எஞ்சினில் பலிக்காது.

பிளேடு எண்ணிக்கைக்கு வருவோம். பிளேடுகளுக்கு நடுவே, அழுத்தப் பக்கத்தில் வாயு தேங்கிப் பின்னோக்கி ஓடாமலிருக்கக் குறைந்தது எத்தனை வேண்டும் என்று கணக்கிடும் பழைய சூத்திரங்கள் உண்டு. வாயு 70 டிகிரிக் கோணத்தில் நுழைந்தால் 1950களில் ஜேமிசன் தந்த கணக்கு 17 பிளேடு கேட்கும். நாசாவின் கிளாஸ்மன் 1976இல் அதைத் தளர்த்தித் தந்த கணக்கு 11 அல்லது 12 என்கிறது. கார் டர்போக்களில் 9 முதல் 12 வரை பார்க்கலாம். ஒன்றிரண்டைக் குறைப்பதற்கு எடை மட்டும் காரணமில்லை, வெளியேறும் வாயும் காரணம். வெளியேற்று விளிம்பில் பிளேடு 1 மி.மீ. தடிமன், ஷாஃப்ட் திசையிலிருந்து 60 டிகிரி சாய்ந்திருக்கிறது என்றால் சுற்றளவில் அது அடைப்பது 2 மி.மீ. நடுவிட்டம் 38 மி.மீ. என்றால் சுற்றளவு ஏறத்தாழ 119 மி.மீ. பதினொரு பிளேடு 22 மி.மீ.யை அடைக்கும், ஒன்பது 18-ஐ. அதாவது 18 சதவீத அடைப்பு 15 ஆகிறது. அதிக சுற்றில் மூச்சுத் திணறும் எஞ்சினுக்கு இது பெரிய விஷயம். ஆனால் ஒவ்வொரு பிளேடின் மீதும் சுமை ஏறும், ஓட்டத்தை வழிநடத்தும் பிடி தளரும், குறைந்த ஓட்டத்தில் செயல்திறன் போகும். ஒன்பது பிளேடு அதிக சுற்றுக்கானது, பதினொன்று கீழ்ச் சுற்றுக்கும் நீடித்த ஓட்டத்துக்கும். எண்ணிக்கை மாறினால் அதிர்வுக் கணக்கும் மாறும் என்பதை மறக்கக் கூடாது. குறிப்பாக நுழைவில் வேன்கள் இருந்தால், அவற்றின் எண்ணிக்கையும் சுழற்சி வேகமும் சேர்ந்து தரும் உலுக்கல் பிளேடின் இயல்பு அதிர்வெண்ணோடு ஒத்துப்போகும் இடத்தில் நீண்ட நேரம் ஓடினால் பிளேடு களைத்து உடையும்.

பின்தட்டில் பிளேடுகளுக்கு இடையே உள்ள உலோகத்தை அரைவட்டமாக வெட்டி எடுப்பது ஸ்கேலப். வெளிவட்டத்து எடை போவதால் நிலைமமும் குறையும், மையத்துத் தகைவும் குறையும். முழுத் தட்டில் மெல்லிய விளிம்பு சட்டென்று சூடாகி, தடித்த மையம் பின்தங்குவதால் விளிம்பில் வெப்ப விரிசல் வரும் தொல்லையும் இதில் போகும். பதிலுக்கு, வெட்டிய இடம் வழியாக வாயு பிளேடின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தட்டின் பின்புறமாக நழுவிச் செயல்திறனில் சில புள்ளிகளைக் கொண்டுபோகும். மேலே போட்ட கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள்: ஆழமான ஸ்கேலப் எல்லா எஞ்சினுக்கும் நல்லது என்று சொல்லவே முடியாது. பாதி ஆழத்தோடு நிறுத்துவதே பெரும்பாலும் புத்திசாலித்தனம்.

வடிவத்தைத் தொடாமல் பொருளை மாற்றும் வழியும் உண்டு. டைட்டானியம் அலுமினைடின் அடர்த்தி 4 கிராம் அளவுதான், நிக்கல் கலவையில் பாதி. மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் 6 காரிலேயே அது பயன்பட்டது. அதற்கும் முன்பே நிஸ்ஸான் சிலிக்கான் நைட்ரைடு செராமிக் சக்கரங்களைத் தயாரிப்புக் கார்களில் ஓட்டியது; ஸ்கைலைன் ஜிடி-ஆர் வைத்திருப்பவர்கள் பூஸ்டை ஏற்றி அந்தச் சக்கரங்களை நொறுக்கிய கதை ஊரறிந்தது. இரண்டுமே நொறுங்கும் தன்மையுள்ள பொருள்கள் என்பதால் பிளேடைத் தடிமனாக்க வேண்டிவரும். அந்தத் தடிமன் வெளியேற்று வாயை அடைக்கும். எடையில் சம்பாதித்ததில் ஒரு பகுதி அங்கே போய்விடும்.

வெளியேறும் பக்கம்

டிரிம் என்று தயாரிப்பாளரின் கேட்டலாகில் போட்டிருப்பார்கள். டர்பைன் சக்கரத்தில் அது வெளியேற்று விட்டத்தை நுழைவு விட்டத்தால் வகுத்து, வர்க்கமாக்கி, 100-ஆல் பெருக்கிய எண். 60 மி.மீ. நுழைவுக்கு 53 மி.மீ. வெளியேற்று என்றால் டிரிம் 78. வெளியேற்று 50 மி.மீ. என்றால் 69. டிரிம் ஏற ஏற சக்கரம் அதிகம் விழுங்கும், வாயு வெளியேறும்போது வீணாகும் வேகமும் குறையும். நிலைமம் சற்று ஏறும். கீழ்ச் சுற்றில் அழுத்தம் சேர நேரமாகும். ஒரே சக்கரத்துக்கு ஹவுசிங்கின் ஏ/ஆர் எண்ணை (வாயு வரும் வழியின் குறுக்குப் பரப்பை, மையத்திலிருந்து அதன் ஆரத்தால் வகுத்த எண்ணை) மாற்றிப் பார்ப்பது மலிவான முதல் படி; அது வாயு நுழையும் கோணத்தை மாற்றும், சக்கரத்தைத் தொடாது.

வெளியேற்று விளிம்பைச் சாய்வாகச் சீவி எடுத்து, 10 டிகிரி கிளிப் என்ற பெயரில் விற்கிறார்களே, அதைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. சீவினால் கழுத்து அகலும், உச்சச் சுற்றில் பின்னழுத்தம் குறையும், உண்மைதான். ஆனால் வாயுவைச் சுழற்சியிலிருந்து நேராக்கி அதன் ஆற்றலைக் கடைசியாகப் பிழிந்தெடுக்கும் பகுதியே அந்த விளிம்புதான். அதைச் சீவிவிட்டால் வாயு சுழன்றபடியே வெளியேறும். பெரிய டிரிம் உள்ள சக்கரமோ பெரிய ஏ/ஆர் ஹவுசிங்கோ கிடைக்கும்போது கிளிப் செய்வதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

முனை இடைவெளியும் நுழைவைவிட வெளியேற்றில்தான் பல மடங்கு பாதிக்கும். நுழைவுப் பக்கம் அச்சுத் திசையில் கொஞ்சம் தாராளமாக இருந்தாலும் தப்பிக்கலாம். வெளியேற்று விளிம்புக்கும் உறைக்கும் நடுவே கூடும் ஒவ்வொரு பத்தில் ஒரு மில்லிமீட்டரும் கணக்கில் தெரியும். பழைய டர்போவைப் பிரித்துப் பார்க்கும்போது உறையில் அந்த இடத்தில் உரசல் வளையம் தெரிந்தால், பேரிங் ஆட்டத்தோடு செயல்திறனும் போயிருக்கிறது என்று பொருள்.

எந்த எஞ்சினுக்கு எது

மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு மிக்ஸ்டு ஃப்ளோவுக்கே என் வாக்கு. துடிப்புக்குத் துடிப்பு 240 டிகிரி இடைவெளி இருப்பதால் ஒன்றோடொன்று மோதாமல் கூர்மையாக வரும். மிக்ஸ்டு ஃப்ளோவின் நகர்ந்த உச்சி அந்தக் கூர்மைக்காகவே செய்தது போலிருக்கும். ஒன்பது அல்லது பத்து பிளேடு, மிதமான ஸ்கேலப்.

நான்கு சிலிண்டரில் துடிப்புகள் 180 டிகிரிக்கு ஒன்றாக வந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஒற்றை வாய் ஹவுசிங்கில் அவை கலந்து மழுங்கிவிடும். அப்போது மிக்ஸ்டு ஃப்ளோவின் ஆதாயமும் மழுங்கும். இரட்டை வாய் ஹவுசிங் வைத்துச் சிலிண்டர்களை இரண்டிரண்டாகப் பிரித்தால்தான் பிளேடு வடிவத்துக்குச் செலவழித்தது திரும்பி வரும். பிளேடை மாற்றுமுன், சிலிண்டர்களின் வாயுவை ஹவுசிங்குக்குக் கொண்டுவரும் குழாய்த் தொகுப்பான மேனிஃபோல்டைப் பாருங்கள்.

மாறுவடிவ வேன்கள் வேண்டிய டீசலுக்கு ரேடியலே போதும். கீழ்ச் சுற்றில் வேனை மூடி வாயுவை விரட்ட முடிவதால் பிளேடு தனியாகச் செய்ய வேண்டிய வேலை குறைவு. ஒரே சுமையில் மணிக்கணக்கில் ஓடும் ஜெனரேட்டர் எஞ்சினுக்கு முழுப் பின்தட்டு, பதினொன்று பன்னிரண்டு பிளேடு, உச்சி சரியாக 0.7-இல். அங்கே மட்டும் கேட்டலாகின் உச்ச எண்ணை நம்பித் தேர்ந்தெடுக்கலாம்.

ஷாஃப்டிலேயே மின்மோட்டார் உள்ள டர்போக்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் கலைக்கின்றன. மெர்சிடீஸ்-ஏஎம்ஜி எஸ்எல் 43 காரில் அந்த மோட்டார் ஷாஃப்டை 1,70,000 சுற்று வரை கொண்டுபோகும். லேக்கை மோட்டார் பார்த்துக்கொள்ளும் என்றால் எடைக்காகச் செயல்திறனை விட்டுக்கொடுக்கும் அவசியம் போய்விடும். பெரிய டிரிம், ஆழமில்லாத ஸ்கேலப், தேவையான அளவு பிளேடு என்று போகலாம்.

வரைபடத்தைக் கேட்கும்போது

இரண்டு சக்கரங்களை ஒப்பிடத் தயாரிப்பாளரிடம் டர்பைன் வரைபடம் கேட்டால் ஒவ்வொரு வேகத்துக்கும் ஒரு குட்டிக் கோடு வரும். அது ஏன் அவ்வளவு குட்டையாக இருக்கிறது என்று கேளுங்கள். சோதனை மேடையில் டர்பைனுக்குப் பாரமாக இருப்பது அதன் சொந்தக் கம்ப்ரஸர். அது ஒரு பக்கம் சர்ஜிலும் (ஓட்டம் குறைந்து காற்று பின்னோக்கித் துடிக்கும் எல்லை) மறுபக்கம் சோக்கிலும் (அதற்கு மேல் காற்றை விழுங்க முடியாத எல்லை) முட்டிக்கொள்ளும். அந்த இரண்டு எல்லைக்கும் நடுவே கிடைக்கும் சின்ன இடைவெளியில்தான் அளவெடுக்க முடியும், அது பெரும்பாலும் வேக விகித உச்சியைச் சுற்றியே விழும். துடிப்பின் உச்சத்தில் வரும் 0.59-ம், மிதித்த கணத்தின் 0.37-ம் அந்தக் கோட்டுக்கு வெளியே. கணினி மாதிரியில் அந்த இடங்களில் தெரிவது அளந்த மதிப்பல்ல, கோட்டை நீட்டி ஊகித்த மதிப்பு. ரேடியலுக்கும் மிக்ஸ்டு ஃப்ளோவுக்கும் நிஜமான வித்தியாசம் இருப்பதோ அங்கேதான். ஊகத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

கம்ப்ரஸரைக் கழற்றிவிட்டு, திறனை அளக்கும் டைனமோமீட்டரைப் பூட்டி அளந்த அகலமான வரைபடம் இருக்கிறதா என்று கேட்பதே முதல் வேலை. குறைந்த வேகத்தில் எடுத்த செயல்திறனில் பேரிங் உராய்வும், டர்பைனிலிருந்து கம்ப்ரஸருக்குக் கசியும் வெப்பமும் கலந்திருக்கிறதா, பிரித்துவிட்டார்களா என்பது இரண்டாவது. இரண்டுக்கும் பதில் இல்லையென்றால், கையிலுள்ள எஞ்சினிலேயே இரண்டு சக்கரங்களையும் ஒரே ஹவுசிங் ஓட்ட அளவில் பொருத்தி, 1,500 சுற்றிலிருந்து முழு ஆக்சிலரேட்டரில் பூஸ்ட் ஏறும் நேரத்தையும், நடுச்சுமையில் டர்பைனுக்கு முன்னால் உள்ள அழுத்தத்தையும் அளந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியதுதான்.